இளைஞர் ஆடலும் பெரியோர் தீர்ப்பும்

‘காலம் கெட்டுவிட்டது’ என்னும் சொல்லைக் கேளாது வளர்ந்த வாலிபர் எவரும் இலர். நம் தந்தையர் அதனைத் தம் தந்தையரிடம் கேட்டனர். அவர்கள் தம் முன்னோரிடம் கேட்டிருப்பர். ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. களவெடுத்த பிள்ளையைக் கண்டவர் ‘அவன் கெட்டான்’ என்று ஒருமையிற் கூறி அமைவர். ஆடுகின்ற பிள்ளையைக் கண்டவரோ ‘காலமே கெட்டது’ என்பர். களவினும் ஆட்டம் பெரிய குற்றமாவது எங்ஙனம்? இக்கேள்வியை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே நம் நோக்கம்.

நாம் கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். நெற்றியில் விபூதியோடு சென்று வேதபாடம் படித்த சைவப் பிள்ளைகளுள் நாமும் ஒருவர். அங்கு கேட்ட கதையொன்று இன்னும் நெஞ்சில் நிற்கின்றது. தாவீது அரசன் உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவந்த நாளில், தன் முழுப் பலத்தோடும் கடவுள் சந்நிதியில் நடனமாடினான். பலகணி வழியே அதனைப் பார்த்த அவன் மனைவி மீகாள் அவனை மனத்துள் இகழ்ந்தாள். வீடு திரும்பியதும், ஊழியக்காரரின் பணிப்பெண்கள் பார்க்க உடை குலைய ஆடினாயே என்று இடித்துரைத்தாள். அக்குற்றச்சாட்டிற் பணிப்பெண்களுக்கு என்ன வேலை என்பது அன்று நமக்கு விளங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கிய பின்னரே சிறிது சிறிதாக விளங்கலாயிற்று.

மேனாட்டிலிருந்து தொடங்குவோம். இன்று முதியோர் ஆடும் சாந்தமான ஆட்டமெனக் கருதப்படும் வோல்ற்ஸ் நடனம், இங்கிலாந்தில் நுழைந்தபோது பெரும் பழியைச் சுமந்தது. அதற்கு முன் உயர்குலத்தார் ஆடிய ஆட்டங்களில் ஆணும் பெண்ணும் விரல் நுனி மட்டும் தொட்டு விலகி நின்றனர். வோல்ற்ஸ் ஆட்டத்திலோ ஒருவரை ஒருவர் அணைத்துச் சுழன்றனர். 1816 ஜூலையில் இளவரசப் பிரதிநிதியின் அரண்மனை விருந்தில் இந்நடனம் ஆடப்பட்டதைக் கேட்டு இலண்டன் ‘ரைம்ஸ்’ பத்திரிகை கொதித்தெழுந்தது. அப்பத்திரிகை சொன்ன நியாயத்தைக் கூர்ந்து நோக்குக. இவ்வாட்டம் விலைமாதரிடையேயும் ஒழுக்கங்கெட்ட பெண்களிடையேயும் மாத்திரம் இருந்தவரை நாம் அதனைப் பொருட்படுத்தவில்லை. மதிப்புடைய குடும்பங்களுக்குள் அது புகுத்தப்படுவதாலேயே பெற்றோரை எச்சரிக்கின்றோம் என்பதே அதன் சாரம். ஆட்டம் அதே ஆட்டம். ஆடுவோர் மாறியதால் அது செய்தியாயிற்று. வோல்ற்ஸைக் கண்டித்துக் கவி பாடியவர்களுள் பைரன் பிரபுவும் ஒருவர். ஒழுக்கத்தைப் பற்றி அவர் பாடினாரென்பதை அவருடைய சரித்திரம் படித்தவர் புன்னகையோடுதான் கேட்பர். எவ்வாறாயினும், 1837இல் அரியணை ஏறிய இளம் விக்டோரியா மகாராணியாருக்கு நடனத்தில் மிகுந்த விருப்பம் இருந்தது. அவர் காலத்திலேயே வோல்ற்ஸ் அரண்மனைக்குரிய ஆட்டமாகிவிட்டது.

அடுத்த நூற்றாண்டின் ஆட்டங்கள் அமெரிக்காவிலிருந்து வந்தன. அவற்றின் வேர் அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களின் தாளத்தில் இருந்தது. 1910ஆம் ஆண்டையொட்டி அந்நாட்டு இளைஞரிடையே பரவிய ஆட்டங்களின் பெயரைக் கேட்டாலே சிரிப்பு வரும்: வான்கோழி நடை, கரடி ஆட்டம், முயல் அணைப்பு. தேவாலயங்களும் நகரசபைகளும் இவற்றைக் கண்டித்தன. கடல் கடந்து ஜெர்மனியில், 1913இல், இராணுவ உடையணிந்த அதிகாரிகள் இத்தகைய புதிய ஆட்டங்களை ஆடலாகாதென்று கைசர் மன்னரே ஆணையிட்டார்.

இந்நிலையில் வெர்னன் காசில், ஐரீன் காசில் என்னும் வெள்ளைத் தம்பதியர் நியூயோர்க்கில் நடனப் பள்ளி அமைத்து, இவ்வாட்டங்களைத் ‘திருத்தி’ச் செல்வர்க்குக் கற்பித்தனர். தோளைக் குலுக்காதீர், இடுப்பை அசைக்காதீர், துள்ளாதீர் என அவர்கள் விதிகள் வகுத்தனர். அவர்களுடைய வாத்திய கோஷ்டியை நடத்தியவர் ஜேம்ஸ் றீஸ் யூரோப் என்னும் கறுப்பின இசைவாணர். அவர் 1912இல் காணகி மண்டபத்திலே தம் இன இசைக் கலைஞரைத் திரட்டிக் கச்சேரி நடத்திய பெருமையுடையவர். ‘பொக்ஸ் ட்றொட்’ என்னும் ஆட்டம் பிறந்தது இவருடைய இசையும் காசில் தம்பதியரின் அடியும் சேர்ந்ததால் என்பர். ஆனால் அவ்வாட்டத்தை ஆடிய சீமான்கள் நினைவில் வைத்தது காசில் பெயரையே. இசை வழங்கியவரின் இனத்தார் அந்த மண்டபங்களுக்குள் வாத்தியம் வாசிக்கலாம், பரிமாறலாம். ஆட மாத்திரம் இடமில்லை.

முதல் உலக யுத்தத்தின் பின் ஜாஸ் சங்கீதம் வந்தது. 1921 ஓகஸ்ற்றில் அமெரிக்கப் பெண்களின் புகழ்பெற்ற மாத இதழொன்றில், பெண்கள் கழகச் சம்மேளனத்தின் இசைப் பிரிவுத் தலைவி ஆன் ஷோ போக்னர், ஜாஸ் இளைஞரைப் பாவத்துக்கு இழுக்கின்றதா என்று வினாவி ஒரு கட்டுரை எழுதினார். காட்டு மக்களின் தாளம் மூளையைக் குலைக்கின்றதென்பது அவருடைய வாதம். 1923இல் நியூயோர்க் நாடக அரங்கில் கறுப்பினக் கலைஞர் நடித்த இசை நாடகமொன்றின் வழியே சார்ள்ஸ்ரன் ஆட்டம் நாடெங்கும் பரவிற்று.

இவ்வாட்டத்தைப் பற்றிய ஒரு துயர நிகழ்ச்சியை இங்கே சற்று விரித்துச் சொல்லல் வேண்டும். 1925 ஜூலை 4ஆம் நாள் அதிகாலை, பொஸ்ரன் நகரிலே பிக்விக் கழகம் என்னும் களியாட்ட விடுதி இடிந்து விழுந்தது. 44 பேர் மாண்டனர். விடியுமுன்னே ஊரெங்கும் ஒரே பேச்சு: பிள்ளைகள் சார்ள்ஸ்ரன் ஆடிக் காலை உதைத்த உதையிற் கட்டடம் சரிந்தது! நகரத்து நடன மண்டபங்களில் அவ்வாட்டம் தடைசெய்யப்பட்டது. கட்டடத்தை ஆராய்ந்தவர் கண்டதோ வேறு. அது முன்னரே தீயினாற் சேதமுற்றிருந்தது. அடுத்த நிலத்தில் மோட்டார் வண்டிக் கொட்டகை கட்டுவதற்காக மண்ணைத் தோண்டியபொழுது சுவரின் தாங்கலும் போயிற்று. மண் தோண்டியவர் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை. ஆட்டத்தின் பெயர் மாத்திரம் நின்றது. ஒரு சமுதாயத்தின் சுவர் சரியும்போது அடுத்த வளவிலே தோண்டியவன் யாரென்று பாராது, உள்ளே ஆடியவன் காலைப் பார்ப்பது பொஸ்ரனுக்கு மாத்திரம் உரிய பழக்கமன்று.

இத்தகைய வெறுப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு நாசிகளின் ஜெர்மனி சான்று. ஜாஸ் கறுப்பருடையது, யூதருடையது என்று கூறி 1935 ஒக்டோபரில் அந்நாட்டு வானொலியில் அதனைத் தடுத்தனர். ஹம்பேர்க் நகரத்து மாணவர் சிலர் அத்தடையை மீறினர். தலைமயிரை நீளவிட்டு, ஆங்கிலப் பாணியில் உடுத்து, ஒளித்து வைத்த இசைத்தட்டுகளுக்கு ஆடினர். அரசியற் கட்சி எதனையும் அவர்கள் சேர்ந்தவரல்லர். ஆட விரும்பிய பள்ளிப்பிள்ளைகள், அவ்வளவே. 1941இல் அவர்களுட் பலர் கைது செய்யப்பட்டனர். 1942 ஜனவரியில் ஹிம்லர், இவர்களின் தலைவர்களைச் சித்திரவதை முகாமுக்கு அனுப்ப வேண்டும், இரண்டு மூன்று ஆண்டுகள் அங்கே வைத்து அடித்து வேலை வாங்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். அவ்வாறே அனுப்பப்பட்டவரும் உளர். பிள்ளைகளின் ஒழுக்கத்தைக் காப்பதாகக் கூறியவர் யாவர் என்பதை வரலாறு சில வேளைகளில் இவ்வாறு உரத்துச் சொல்கின்றது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பத்து ஆண்டு செல்லவில்லை. றொக் அன் றோல் வந்தது. கையிலே சிறிது காசும், வீட்டிலே கிராமபோனும் உடைய பள்ளிப் பிள்ளைகள் அமெரிக்க வியாபாரிகளின் கண்ணுக்குத் தனியொரு சந்தையாகத் தோன்றிய காலம் அது. 1956 செப்ரெம்பரில், பில் ஹேலியின் பாடலைத் தலைப்பாகக் கொண்ட சினிமாப் படம் இங்கிலாந்திற் காட்டப்பட்டபோது, இளைஞர் கொட்டகை நடைபாதைகளில் ஆடினர், ஆசனங்களைக் கிழித்தனர். பல நகரங்கள் படத்தையே தடுத்தன. அதே ஆண்டு ஜூனில் கலிபோர்னியாவின் சன்ரா குறூஸ் நகரத்துப் பொலிசார், கறுப்பின வாத்திய கோஷ்டி வாசித்த நடன நிகழ்ச்சியொன்றை நிறுத்தி, பொது நிகழ்ச்சிகளில் அவ்விசையே கூடாதென்றனர்.

எல்விஸ் பிறெஸ்லியின் கதை எல்லாரும் அறிந்தது. 1956 ஜூனில் தொலைக்காட்சியில் அவர் இடுப்பை அசைத்துப் பாடியதைக் கண்டு பத்திரிகைகள் சீறின. தம் நிகழ்ச்சிக்கு அவரை அழைக்கவே மாட்டேனென்றிருந்த எட் சலிவன், செப்ரெம்பர் 9ஆம் திகதி அவரை மேடையேற்றினார். ஏறத்தாழ 6 கோடிப் பேர் பார்த்தனர். 1957 ஜனவரி 6ஆம் திகதி, மூன்றாம் முறை அவர் தோன்றியபோது, படக்கருவி இடுப்புக்கு மேல் மாத்திரம் காட்டிற்று. இடுப்புக்குக் கீழே நிகழ்ந்ததை நாடு முழுவதும் கற்பனையிற் கண்டது. அன்றிரவு அவர் ஒரு பக்திப் பாடலும் பாடினார். நிகழ்ச்சி முடிவிற் சலிவன் இவர் நல்ல பிள்ளை என்று நற்சாட்சி கூறினார். எல்விஸுக்குப் புகழ் தந்த பாடல்களுள் ஒன்றை அவருக்கு முன்னே இசைத்தட்டிற் பாடியவர் பிக் மாமா தோர்ன்ரன் என்னும் கறுப்பினப் பெண்மணி. அவருக்கு நற்சாட்சி கூற எவரும் அழைக்கப்படவில்லை.

இனி, கண்டித்தவர்கள் உண்மையில் எதற்கு அஞ்சினர்? அலபாமா மாநிலத்து வெள்ளையர் கழகத் தலைவர் ஏசா காட்டர் 1956இல் மறைவின்றிச் சொன்னார்: இவ்விசை வெள்ளைப் பிள்ளைகளைக் கறுப்பரின் நிலைக்கு இறக்கும் சூழ்ச்சி. அதே ஆண்டு ஏப்ரல் 10ஆம் திகதி, பேர்மிங்ஹாம் நகரில், அவருடைய கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் மேடையேறி நட் கிங் கோல் என்னும் பாடகரைத் தாக்கினர். கோல் றொக் அன் றோல் பாடுபவரல்லர். தாலாட்டைப் போல மென்மையாகக் காதற்பாட்டுப் பாடுபவர். அவர் மேடையில் இடுப்பும் அசையவில்லை, தோளும் குலுங்கவில்லை. நிறம் ஒன்றே குற்றமாயிற்று.

பெரியோர் அச்சம் முழுவதும் பொய் என்று நாம் கூற வரவில்லை. லிற்றில் றிச்சர்ட் 1955இற் பாடிப் புகழ்பெற்ற பாடலின் முதல் வடிவம் வீட்டிலே பாடத்தக்கதன்று. சொற்களை மாற்றிய பின்னரே அது பதிவாயிற்று. ஆயினும் திருத்திய அதே பாடலை பற் பூன் என்னும் வெள்ளைப் பாடகர் வெள்ளைச் சப்பாத்தோடு பாடியபோது அது மேலும் உயர்ந்த விற்பனை கண்டது. தாய்மாரும் முகம் சுளிக்கவில்லை. 1957 ஓகஸ்ற் முதல் நாடெங்கும் ஒளிபரப்பான பிலடெல்பியா நடன நிகழ்ச்சியிற் பையன்கள் கழுத்துப்பட்டி கட்டி ஆடினர். பாடுவோர் கறுப்பராயிருக்கலாம், ஆடும் பிள்ளைகள் முதலாண்டுகளில் ஏறத்தாழ எல்லோரும் வெள்ளையரே.

ருவிஸ்ற் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாது மேற்செல்லல் ஆகாது. அதற்குரிய பாட்டை ஆக்கி 1959இல் வெளியிட்டவர் ஹாங்க் பலார்ட். 1960இல் மீண்டும் பாடி உலகப் புகழ் பெற்றவர் 18 வயது சபி செக்கர். இருவரும் கறுப்பினத்தவரே. எனவே நிறம் ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணமென்று கூறுதலும் பொருந்தாது. பலார்ட்டுக்கு முந்திய பாடல்களால் வந்த கெட்ட பெயர் இருந்தது. செக்கர் களங்கமற்ற முகமுடைய இளைஞர். 1961இல் நியூயோர்க்கின் பெருஞ்செல்வரும் சிறியதொரு மதுச்சாலையில் நெருங்கி நின்று ருவிஸ்ற் ஆடினர். 1962 மே மாதத்திலும் முன்னாட் சனாதிபதி ஐசன்ஹோவர் இவ்வாட்டத்தைச் சுட்டி, அழகும் ஒழுக்கமும் எங்கே போயின என்று வருந்தினார். இதில் விந்தை யாதெனில், ருவிஸ்ற் ஆடுவோர் ஒருவரை ஒருவர் தொடுவதேயில்லை! அணைத்ததனால் வோல்ற்ஸ் பாவமாயிற்று. அணையாத ருவிஸ்றும் பாவமாயிற்று.

இக்கதையெல்லாம் மேனாட்டுக் கதைதானே என்று வாசகர் கருதலாம். அன்று. 1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மேனாட்டு மெட்டுக் கலந்து தரங்கெட்டதெனக் கருதினார். அகில இந்திய வானொலியில் அது அருகிப் போயிற்று. அதனால் இலாபமடைந்தது நம் இலங்கை வானொலி. யுத்த காலத்திற் படையினருக்காக நிறுவப்பட்ட வலிய ஒலிபரப்புக் கருவி கொழும்பில் இருந்தது. அவ்வாண்டின் இறுதியிலிருந்து அமீன் சயானியின் குரலில் வந்த வாராந்த இந்திப் பாடல் வரிசையைக் கேட்க இந்திய இளைஞர் இலங்கைப் பக்கமாக முள்ளைத் திருப்பினர். 1957இல் இந்திய அரசே பாட்டுக்கெனத் தனி ஒலிபரப்புத் தொடங்க வேண்டியதாயிற்று.

ஆனால் நம் வீட்டுக்கு இதனினும் நெருங்கிய கதையொன்று உண்டு. யாழ்ப்பாணத்தார் ‘சின்னமேளம்’ என்றும், தமிழகத்தார் ‘சதிர்’ என்றும் வழங்கிய ஆடலின் கதை அது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலே தாசிகள் ஆடுதலை ஆறுமுக நாவலர் பெருமான் கடுமையாகக் கண்டித்தார். வெஸ்லியன் மிஷனில் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்பில் உழைத்து, பின்னர் அம்மிஷனையே எதிர்த்து நின்ற அப்பெருமான், பாதிரிமாருடன் ஒத்த கருத்துக் கொண்ட விடயங்கள் மிகச் சிலவே. இது அவற்றுள் ஒன்று. சென்னையிலும் 1893இல் இந்துச் சீர்திருத்தக்காரர், நாட்டியம் நடக்கும் விருந்துகளுக்குச் செல்லலாகாதென இராசப்பிரதிநிதிக்கும் ஆளுநருக்கும் விண்ணப்பித்தனர். வோல்ற்ஸைக் கண்டித்த அதே ஆங்கில ஒழுக்க நூலைப் படித்தவர்கள் அவர்களும். விண்ணப்பம் பெற்ற ஆங்கிலேயரோ அதனை ஏற்கவில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1927இற் சென்னைச் சட்டசபையிற் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அவருடைய தாயார் அக்குலத்திற் பிறந்தவர். ஆதலின் சிறுமியர் பட்ட துன்பத்தை அறிந்தே பேசினார். அந்நோக்கத்தை நாம் குறை கூறோம். 1947இற் சட்டம் முழுமையாக நிறைவேறிற்று. ஆயின் அதற்குள் வேறொன்றும் நிகழ்ந்துவிட்டது. வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணையர் போன்றோர் கலை வேறு, வழக்கம் வேறு என வாதாடினர். சங்கீத வித்துவ சபை மேடையேற்றிற்று. சதிர் என்ற பெயர் நீங்கிப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பயின்ற ருக்மிணிதேவி அம்மையார் 1935இல் அடையாற்றில் ஆடினார். மறு ஆண்டு கலாக்ஷேத்திரம் தோன்றிற்று. சிருங்காரம் அடக்கப்பட்டது, பக்தி மேலோங்கிற்று. தோளைக் குலுக்காதீர் என்ற காசில் தம்பதியரை வாசகர் நினைவுகூர்வர். மரபுவழிக் குலத்தில் வந்து, 1925இல் ஏழு வயதிற் காஞ்சிபுரத்தில் அரங்கேறிய பாலசரஸ்வதி அம்மையார், சிருங்காரத்தை நீக்க வேண்டியதில்லை என்று இறுதிவரை வாதாடினார். 1973இல் அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் கிடைத்தது. அவரைப் போல நிலைத்தவர் சிலர். மற்றைய குடும்பங்களின் பெண்கள் தம் பாட்டிமாரின் தொழிலை வெளியிற் சொல்லவும் கூசினர்.

இன்று நம்மூர்ப் பெண்பிள்ளைகளுக்குப் பரதம் பாடசாலைப் பாடம், பல்கலைக்கழகத்திற் பட்டப்படிப்பு. அரங்கேற்றத்துக்கு நகை விற்றும் செலவு செய்யும் பெற்றோர் உளர். மூன்று தலைமுறைக்கு முன் இதே அடவை ஆடியிருந்தால் அப்பிள்ளையை எவர் மணப்பர்?

நம் பதினாறு வயதுத் தம்பிமார் ஆட விரும்புவதோ இன்னொன்று. சினிமாவில் ‘குத்துப் பாட்டு’ என வழங்கும் அதன் அடி, பறையின் அடி, தப்பின் அடி. யாழ்ப்பாணத்திலே பறை முழக்கியோர் நெடுங்காலம் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1957இற் சட்டம் வந்தும், 1968இல் மாவிட்டபுரத்திலே தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே செல்ல மறியலிருக்க வேண்டியிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் அங்கம் வகித்த மன்றமொன்றில் ஆண்டுவிழா நிகழ்ச்சி நிரலைத் தயாரிக்கக் கூடியிருந்தோம். இளையோர் பிரிவினர் குத்துப் பாட்டொன்றுக்கு ஆடப் பத்து நிமிடம் கேட்டனர். ஆபாசச் சொல் எதுவும் அப்பாட்டில் இல்லை, எழுதியும் காட்டினர். உடையைப் பற்றிக் கேட்டபோது வேட்டியும் சட்டையும் என்றனர். மறுப்பதற்குக் காரணம் ஒவ்வொன்றாக அகன்று கொண்டிருந்த வேளையிற் பெரியவர் ஒருவர், “தம்பியவை, செத்தவீட்டு மேளத்துக்கு எங்கடை மேடையிலை ஆடுறதோ?” என்றார். சபை அமைதியாயிற்று. கேட்ட பையன்களுள் ஒருவனுடைய பேரனார் அம்மேளம் அடித்தவர் என்பது அங்கிருந்த எல்லார்க்கும் தெரியும். அவன் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். நாமும் வாய் திறக்கவில்லை.

அந்தப் பத்து நிமிடமும் ஒரு பரத நிகழ்ச்சிக்கு வழங்கப்பட்டது. கூட்டக் குறிப்பில் ‘நேரமின்மையால் நீக்கப்பட்டது’ என்று பதியப்பட்டிருக்கின்றது. அதனை எழுதிய உபசெயலாளர் நாமே.